அம்மா கூட்டிய தெரு

"நாளைக்கு அந்தக் கூட்டத்துல நீ வாயத் தொறக்கக் கூடாது" என்றாள் பரமேஸ்வரி.

நிலூஷா ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. தேங்காய்ப்பூ போதாது என்று எழுந்துபோய் இன்னும் கொஞ்சம் துருவிக்கொண்டு வந்தாள். மாமியார் நின்ற இடத்திலேயே நின்றாள். முன்னறைக் கதிரையில் ரவிகுமார் தொலைபேசியைப் பார்ப்பதுபோல் குனிந்திருந்தான். அவன் மனைவிக்காக ஒரு வார்த்தை பேசுவான் என்று நிலூஷா எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே காது கொடுத்திருந்தாள். அவன் திரையை விரலால் தள்ளிக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். ரவிகுமாரின் தங்கை கௌசல்யாவுக்குக் கம்பளையிலேயே நல்ல இடத்தில் சம்பந்தம் கூடிவந்திருந்தது. மாப்பிள்ளையின் அண்ணன் கணேஸ், கண்டி நகரத்துப் பாடசாலை ஒன்றில் உப அதிபர். கல்வி வலயத்துக்கான தமிழ் வாசிப்புப் பாடத்திட்டம் தயாரிக்கும் குழுவில் நிலூஷாவோடு அவரும் இருந்தார். அன்று காலை அவர் ரவிகுமாரைத் தொலைபேசியில் அழைத்து, உங்க வீட்டு டீச்சர் தெருக் கூட்டுறவங்க வீட்டுப் பிள்ளையின் கதையைப் பாடமாகக் கொண்டுவந்து பிடிவாதம் பிடிக்கிறாரே என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். கடைசியில், டீச்சருக்குச் சொந்த ஊர் வத்தேகமையில் எந்தப் பக்கம் என்றும் கேட்டிருந்தார்.

நிலூஷாவின் ஊர் வத்தேகம அல்ல. அவள் கண்டி மாநகரசபைத் துப்புரவுத் தொழிலாளர் குடியிருக்கும் மஹய்யாவையில் பிறந்தவள். அவளுடைய அம்மா பாப்பம்மா கண்டித் தெருக்களைக் கூட்டிப் பெருக்கிப் பென்சன் வாங்கியவள். கல்வியியற் கல்லூரியில் பழகிக் காதலித்த ரவிகுமாருக்கு அது தெரியும். கல்யாணத்துக்கு முன்பே மாமியாருக்கும் தெரியும். ஆனால் கம்பளைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லப்பட்டது வத்தேகம என்றுதான். பாப்பம்மா மகளைப் பார்க்க வந்தால், விருந்தாளிகள் இல்லாத நாளாகப் பார்த்து வரவேண்டும். வந்தவளுக்குத் தேத்தண்ணி கொடுக்கும் கோப்பை அலுமாரிக்குள் தனியாக இருந்தது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை.

தினமும் ரயிலேறிக் கண்டிக்குப் போய் நிலூஷா கற்பித்த சின்னப் பாடசாலையில் அவளை எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளின் தாய்மார் "பாப்பம்மாக்கா மக டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்கள். மாலை ரயிலில் ஏறியதும் அந்தப் பெயர் அவளை விட்டு இறங்கிவிடும்.

"கௌசல்யா வாழ்க்க ஒன் கையிலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பரமேஸ்வரி உள்ளே போனாள். அறைக்குள் கௌசல்யா கதவைத் தாழிடும் சத்தம் கேட்டது.

அந்தப் பாடத்தில் அப்படி என்னதான் இருந்தது? ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் பலர் பத்தியைக் கடகடவென்று வாசிக்கிறார்கள், என்ன வாசித்தாய் என்று கேட்டால் விழிக்கிறார்கள் என்று வலயத்துப் பரீட்சையில் தெரியவந்திருந்தது. அதற்காகத்தான் குழு. பிள்ளைகளுக்குத் தெரிந்த வாழ்க்கையை, அவர்களே சொல்லும் கதைகளைக் கேட்டெழுதித் திருத்தி வாசிப்புப் புத்தகமாக்கலாம் என்று முடிவானது. நிலூஷாவின் வகுப்புப் பிள்ளை யோகிதா சொன்ன கதை இது:

'விடியும் முன்னே அம்மா தெருவைக் கூட்டப் போவார். நான் பாடசாலைக்குப் போகும்போது தெரு சுத்தமாக இருக்கும். அம்மா கூட்டிய தெருவில் நான் நடந்து போவேன். அம்மா எனக்கு முன்னால் நடந்து போவது போல இருக்கும்.'

இதைக் கேட்டு எழுதிய அன்று நிலூஷா வகுப்பை விட்டு வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டாள்.

மறுநாள் கூட்டத்தில் முதலில் பேசியவர் கணேஸ். அவர் கெட்ட மனிதர் அல்ல. பிள்ளைகளை அடிக்காதவர், ஆசிரியைகளிடம் மரியாதையாக நடப்பவர். கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அம்மா தையல் வேலைக்குப் போவதாக மாற்றிவிடலாமே என்றார்.

"எங்க ஸ்கூல்ல இப்படிப் புள்ளைங்க இல்ல டீச்சர். கடக்காரங்க, உத்தியோகத்துல இருக்கிறவங்க வீட்டுப் புள்ளைங்க. பேரன்ட்ஸ் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

தைக்கிற அம்மா எப்படித் தெருவைச் சுத்தமாக்குவாள் என்று நிலூஷாவுக்குக் கேட்கத் தோன்றியது. மாமியாரின் முகம் கண்ணுக்குள் வந்தது. கேட்க வந்ததை விட்டுவிட்டுத் தன் தாளை மடித்தாள்.

குழுவின் தலைவர் சுந்தரலிங்கம், தமிழ்ப் பாடத்துக்கான ஆசிரிய ஆலோசகர், யாழ்ப்பாணத்துக்காரர். சண்டை சச்சரவு பிடிக்காதவர். "ஒருத்தற்றை மனமும் நோகாமல் செய்வம்" என்று தொடங்கினார். புத்தகத்தை இரண்டாகப் போடலாம் என்பது அவருடைய யோசனை. முதலாவது, பெரிய பாடசாலைகளுக்கு. கதைகள், பாட்டுகள், கட்டுரை எழுதும் பயிற்சிகள். இரண்டாவது, தேயிலைத் தோட்டத்துப் பாடசாலைகளுக்கும் நகரத்தின் சின்னப் பாடசாலைகளுக்கும். சொற்கள், சின்ன வசனங்கள், அறிவித்தல் பலகைகள், படிவம் நிரப்பும் பயிற்சிகள். யோகிதாவின் பாடத்தை அந்த இரண்டாவதில் சேர்த்துவிடலாம்.

"அந்தப் பிள்ளையளுக்கு இவ்வளவும் காணும். கூடக் குடுத்துக் குழப்பத் தேவையில்லை" என்றார்.

நான்காவது உறுப்பினர் றம்ஸியா, தெல்தோட்டைப் பக்கத்து முஸ்லிம் பாடசாலை ஆசிரியை. அதிகம் பேசாதவள். அன்று தலையை நிமிர்த்தினாள்.

"எங்கட ஸ்கூலும் அந்த ரெண்டாவதுலதானே ஈக்கிது சேர்? அப்ப எங்கட புள்ளைகளுக்குக் கதை தேவல்லயா?"

சுந்தரலிங்கம் கோப்பைப் புரட்டினார். கணேஸ் நிலூஷாவின் பக்கம் திரும்பி, ஒரே குடும்பமாகப் போகிறவர் என்ற உரிமையோடு மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. அவங்க புழங்குற எடம் வேற, நம்ம புள்ளைங்க வேற."

'நம்ம' என்ற அந்தச் சொல்தான் அவளை எழுப்பியது. உண்மையாகவே எழுந்து நின்றுவிட்டாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மஹய்யாவையில பொறந்தவ சேர். அந்தப் புள்ளையோட அம்மா இன்னைக்குக் கூட்டுற ரோட்டத்தான் எங்கம்மாவும் கூட்டுனாங்க. வத்தேகமங்கிறது எங்க வீட்ல சொல்ற பொய். எனக்கும் படிவம் நெரப்பத் தெரிஞ்சாப் போதும்னு அன்னைக்கு யாராவது நெனச்சிருந்தா, நான் இந்த மேசையில இருந்திருக்க மாட்டேன். ரெண்டு புத்தகம் போட்டா என் பேர எடுத்துருங்க."

"என்ட பேரையும் எடுங்க" என்றாள் றம்ஸியா.

சுந்தரலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டேயிருந்தார். பாதிக் குழுவின் பெயர் இல்லாத திட்டத்தை மேலே அனுப்ப முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஒரே புத்தகமாகப் போடுவம், அந்தப் பாடமும் இருக்கட்டும் என்று முடித்தார். நிலூஷாவின் முகத்தைப் பார்க்காமலே முடித்தார்.

கணேஸ் கோபப்படவில்லை. கோப்புகளை அடுக்கிக்கொண்டே, தன் பாடசாலையில் இந்தப் பாடம் எடுபடாது, வேண்டுமானால் அச்சுக்குப் போகுமுன் நிலூஷாவே வந்து நடத்திப் பார்க்கட்டும் என்றார். வருகிறேன் என்றாள்.

அன்று அவள் வீடு சேருமுன்பே செய்தி சேர்ந்திருந்தது. சம்பந்தம் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். காரணமாக ஜாதகத்தைச் சொன்னார்கள். பரமேஸ்வரி அழவில்லை, திட்டவுமில்லை. மருமகள் தொட்ட பாத்திரங்களை மட்டும் எடுத்து மறுபடி கழுவினாள்.

"சொல்லாம இருந்திருக்கலாமே, நிலூ" என்றான் ரவிகுமார்.

"நீங்க எனக்காக எப்பவாவது சொல்லியிருந்தா, நான் சொல்லியிருக்க மாட்டேன்."

அவன் அதற்குப் பிறகு அவள் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. கௌசல்யாவும் பேசவில்லை. ஒரு சாயங்காலம் மட்டும் அவள் சமையலறைக்கு வந்து, அந்தப் பாடத்தைக் காட்டுங்கள் அண்ணி என்றாள். நின்றபடியே வாசித்தாள். நன்றாயிருக்கிறது என்றோ இல்லையென்றோ சொல்லவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அண்ணிக்குப் பக்கத்தில் அமர்ந்து வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள். பரமேஸ்வரி வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அடுத்த வாரம் நிலூஷா கணேஸின் பாடசாலைக்குப் போனாள். வெள்ளைச் சீருடையும் பளபளக்கும் சப்பாத்துமாக வகுப்பு நிறைந்திருந்தது. சுந்தரலிங்கமும் கணேஸும் பின்வரிசையில் கதிரை போட்டு அமர்ந்தார்கள். பாடத்தைப் பிரதியெடுத்து எல்லோருக்கும் கொடுத்தாள். ஒருமுறை தானே வாசித்தாள். பிறகு, அம்மா தனக்கு முன்னால் நடந்து போவதுபோல் அந்தப் பிள்ளைக்கு ஏன் இருக்கிறது என்று கேட்டாள்.

ஒரு பையன் பின்னால் திரும்பி உப அதிபரைப் பார்த்தான். இன்னொருவன் வாயைப் பொத்திச் சிரித்தான். எடுபடாது என்று அவர் சொன்னது சரிதானோ என்று நிலூஷாவுக்குத் தோன்றியது. மறுபடியும் கேட்டாள்.

சன்னல் ஓரத்திலிருந்த பெண்பிள்ளை ஒன்று கையை முழுக்க உயர்த்தாமல், தோளளவுக்கு மட்டும் தூக்கியது.

"அம்மாவோட வெளக்குமாத்துக் கோடு ரோட்டுல இருக்கும் டீச்சர். ஈரமா இருந்தா நல்லாத் தெரியும். அதைப் பார்த்தா அம்மா இந்தப் பக்கந்தான் போயிருக்காங்கன்னு தெரியும்."

பாடத்தில் கோட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. "ஒனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று நிலூஷா கேட்டாள்.

பிள்ளை எழுந்து நின்றது. "எங்கம்மாவும் கூட்டுறாங்க. ஆனா இங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"யாரு அப்படிச் சொன்னது?"

"ஸ்கூல்ல சேக்கும்போது உப அதிபர் சேர்தான் அம்மாகிட்ட சொன்னாங்க. சொன்னா மத்தப் புள்ளைங்க பக்கத்துல ஒக்கார மாட்டாங்களாம்."

சுந்தரலிங்கம் மெல்லத் தலையைத் திருப்பிப் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். கணேஸ் மடியிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிலூஷா பின்வரிசைப் பக்கம் பார்வையைத் திருப்பவில்லை. சன்னலோரம் போய் அந்தப் பிள்ளையின் பக்கத்து இடத்தில், வாங்குப் பலகையின் விளிம்பில் அமர்ந்தாள்.

"இப்ப நீ வாசிம்மா. பின்னால இருக்கிறவங்களுக்கும் கேக்கணும்" என்றாள்.

பிள்ளை வாசிக்கத் தொடங்கியது.