மேலூற்றுப் பலகையில் ஒரு முகம்

எங்கள் ஊரான கெல்டர்லோவில், கர்த்தர் விண்ணேறியதைக் கொண்டாடும் பரமேறுதல் திருநாள் நெருங்கும் வாரத்தில் எவரும் பூவைத் தமக்கென்று பறிப்பதில்லை. தோட்டத்துப் பூவும் வேலியோரப் பூவும் ஊற்றுக்கு உரியவை. ஆள் உயரத்துக்கும் மேலான மரப்பலகையைக் குளத்தில் ஊறவைத்து, உப்பிட்டு மிதித்த களிமண்ணை அதன்மேல் பரப்பி, வேதாகமக் காட்சி ஒன்றை இதழ் இதழாகப் பதித்து, திருநாளன்று மேலூற்றின் தலைமாட்டில் நிறுத்துவார்கள். பாதிரியார் தண்ணீரை ஆசீர்வதிப்பார். ஒரு வாரம் பலகை நிற்கும்; பிறகு களிமண் ஆற்றுக்குத் திரும்பும். முன்பொரு வறட்சியில் சுற்றுவட்டாரமெல்லாம் காய்ந்தபோது எங்கள் ஊற்று மட்டும் வற்றாமல் ஓடியதற்குச் செலுத்தும் நன்றி அது.

ஊற்றின் தண்ணீர் ஊருக்கே கிடைக்காமல் அந்த நன்றியைச் செலுத்திய காலம் ஒன்று உண்டு. துணி வெளுக்கும் ஆலையின் முதலாளி ரால்ஃப் பாக்ஷா மேலூற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி, மதகு வைத்து, அதன் நீர் முழுவதையும் குழாய் வழியாகத் தம் ஆலைக்குக் கொண்டுபோனார். ஊருக்கு மிஞ்சியது கீழூற்று. அது கல்லறைத் தோட்டத்தின் சரிவுக்குக் கீழே கசிவது. திருநாளன்று மட்டும் பாக்ஷா மதகைத் திறப்பார். பாதிரியாரின் ஆசீர்வாதம் முடிந்து விருந்தினர் கலைந்ததும் மூடிவிடுவார். பலகைக்கான செலவையும் அவரே ஏற்றதால், விழாக் குழுவின் தலைவரும் அவரே.

இரண்டு கோடைகளுக்குள் காய்ச்சல் வந்தது. ஈயச் சுரங்கத்தில் கணவனை இழந்த கெசியா அவுட்ரமின் ஒரே மகள் அதில் இறந்தாள். மாவட்டத்திலிருந்து வந்த சுகாதார அதிகாரி மதுவிடுதியின் முன்னறையில் ஊரைக் கூட்டி விசாரித்தபோது, பாக்ஷா எழுந்து நின்று பேசினார்.

“தண்ணி மேல பழி போடறதுல அர்த்தமே இல்லீங்க. கீழூத்துத் தண்ணியத்தான் இந்த ஊரே குடிக்குது. இந்தப் பொம்பள கையக் கழுவாம பிள்ளைக்கு ரொட்டி குடுத்தா, அதுக்கு ஊத்து என்ன பண்ணும்?”

அதிகாரி தலையசைத்தார். ஊரும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சனிக்கிழமை கெசியா சுட்டு எடுத்துப்போன ஓட்ஸ் ரொட்டி ஒன்றுகூட விற்காமல் கூடையோடு திரும்பியது. வாங்க மறுத்தவர்களில் பாதிப்பேர் அவளுடைய சொந்தக்காரர்கள். மகளைப் புதைத்த அன்று அழாதவள் அந்தக் கூடையின் முன்னால் அமர்ந்து அழுதாள். பிறகு ஒரு முடிவுக்கு வந்தாள். அந்தச் சொல்லை, சொன்ன வாயே, கேட்ட ஊரின் முன்னால் விழுங்க வேண்டும். அதுவரை அந்த மனிதருக்கு நிம்மதி என்பது இருக்கக் கூடாது.

பலகைக்குப் படம் வரைவது அவளுடைய தகப்பனார் காலத்திலிருந்து அவர்கள் வீட்டு வேலை. வேறு எவருக்கும் அது வராது. எந்தக் காட்சி என்று சொல்லிவிட்டு வர அவள் ஆலைக்குப் போனாள்.

“வேதத்துல இருக்கறதுதானே?” என்றார் பாக்ஷா, தலை நிமிராமல்.

“லூக்கா, பதினாறாம் அதிகாரம், ஐயா.”

“அப்ப நல்லது.”

அவர் வீட்டில் தோலட்டை போட்ட பெரிய வேதாகமம் இருந்தது; அதைத் திறக்கும் பழக்கம்தான் இல்லை. அந்த அதிகாரத்தில் ஓர் ஐசுவரியவான் நரக நெருப்பில் நின்றுகொண்டு, நாக்கை நனைக்க ஒரு துளி தண்ணீர் கேட்டுக் கெஞ்சுகிறான்.

பலகையைக் களஞ்சியத்தில் படுக்கப்போட்டுத்தான் வேலை செய்வார்கள். குனிந்து இதழ் பதிப்பவர்களுக்குத் தங்கள் முன்னால் இருக்கும் ஒரு முழ இடம்தான் தெரியும். முகங்களைக் கடைசியாக வைப்பது வழக்கம். கெசியா ஐசுவரியவானின் முகத்தில் கைவைத்தபோது, பக்கத்து வீட்டு டோர்கஸ் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

“அடியே, இவன் கிருதாவுக்கு எதுக்குடி இவ்வளவு செவப்பு?”

“நெருப்புல நிக்கிறான்ல.”

“மூக்கு ஏன் எடப்பக்கமா சாயுது?”

“நரகத்துல காத்தடிக்காதா?”

டோர்கஸ் சற்று நேரம் அந்த முகத்தையே பார்த்தாள். பிறகு பாசிக் கூடையைத் தன் பக்கம் இழுத்தாள். “அப்ப காதுக்குள்ளாற ரெண்டு முடி சேத்துக்க. அவன் அத வெட்டறதே இல்ல.”

மறுநாள் பலகை நிமிர்ந்தது. டெர்பியிலிருந்து பாக்ஷாவின் விருந்தினர்கள் வந்திருந்தார்கள். இறகு வைத்த தொப்பியணிந்த ஓர் அம்மையார் பலகையை அண்ணாந்து பார்த்து, “மிஸ்டர் பாக்ஷா, இந்த ஆள எங்கயோ பாத்த மாதிரி இருக்கே!” என்றார். கூட்டத்தின் கண்கள் பலகையிலிருந்து பாக்ஷாவுக்குத் தாவின. அது தம் முகம் என்று பாக்ஷா சீறியிருந்தால், நரகத்தில் நிற்பவன் தாமே என்று ஒப்புக்கொண்டதாகும். ஆகவே அவர், “கைவேலை நல்லாத்தான் இருக்கு” என்றார். அந்த மூன்று சொற்களைச் சொல்வதற்குள் அவருடைய கழுத்து சிவந்துபோயிற்று.

அன்று விருந்தினர் போகும்வரைகூடக் காத்திராமல் மதகை மூடச் சொன்னார். தண்ணீர் இல்லாவிட்டால் களிமண் வெடித்து இதழ் உதிரும் என்பது அவர் கணக்கு. ஆனால் ஊர்ப் பெண்கள், காய்ச்சலுக்குப் பயந்து தொலைவிலுள்ள பண்ணையிலிருந்து சுமந்து வந்து குடிப்பதற்கென்று மூடிவைத்திருந்த தண்ணீரைக் கிண்ணத்தில் எடுத்துவந்து, தினமும் அந்த முகத்தின்மேல் தெளித்தார்கள். “நாக்கு காஞ்சுபோச்சு பாரு, பாவம்” என்று சொல்லிக்கொண்டே தெளித்தாள் டோர்கஸ்.

அடுத்த ஆண்டு தம் வயலிலும் வேலியிலும் ஓர் இதழ்கூடப் பறிக்கக் கூடாதென்று பாக்ஷா தடை போட்டார். சேவல் கூவுவதைப் பொறுக்காத நரி ஒன்று, விடியலே வராமல் தடுக்கக் காட்டின் கிழக்கே வேலி கட்டியதாக எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு கதை சொல்வதுண்டு. வேலி உயர்ந்தது, சேவல் அதன் உச்சியில் ஏறி நின்று கூவியது. பூ கிடைக்காததால் பெண்கள் மரப்பட்டையும் கற்பாசியும் முள்ளில் சிக்கிய ஆட்டு ரோமமும் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டுக் காட்சி செங்கடலில் முழுகும் பார்வோன்; அவனுக்கு அவை பூவைக்காட்டிலும் பொருந்தின. பூவில் வைத்திருந்தால் பாக்ஷாவின் முகம் சற்றேனும் மென்மையாக இருந்திருக்கும். அதன்பின் ஞாயிறு ஆராதனையில் பாதிரியார் பார்வோன் என்று வாசித்தால், தேவாலயத்திலிருந்த தலைகளெல்லாம் தாமாகவே பாக்ஷாவின் முன்வரிசை இருக்கைப் பக்கம் திரும்பின. அவர் ஆராதனைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்.

மூன்றாம் ஆண்டு, திருநாளுக்கு முந்தைய நாள் பிற்பகலில், பாக்ஷா தனியாகக் களஞ்சியத்துக்கு வந்தார். தொப்பி கையில் இருந்தது.

“இந்த வருஷம் யாரு?”

“ஏரோது, ஐயா” என்றாள் கெசியா.

“பிள்ளைங்களக் கொன்னவன்.”

“ஆமாங்க. மத்தேயு எழுதியிருக்காரு.”

“இன்னும் எத்தன வருஷத்துக்கு?”

களிமண் பக்கமிருந்து டோர்கஸ் பதில் சொன்னாள். “வேதம் பெரிய புஸ்தகங்க ஐயா, அதுல கெட்டவங்களுக்கா பஞ்சம்? ஆமான் இருக்கான், ஆகாப் இருக்கான், யூதாசு இருக்கான். எங்க பேரப்பிள்ளைங்களுக்கும் வேல இருக்கு.”

பெண்கள் சிரித்தார்கள். பாக்ஷா சிரிப்பு அடங்கும்வரை நின்றார். “மதகை நிரந்தரமாத் தொறந்து விட்டுடறேன். போதுமா?”

இதழ் பதித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. ஊருக்கு அந்தத் தண்ணீர் எவ்வளவு தேவை என்பது அங்கிருந்த ஒவ்வொருத்திக்கும் தெரியும். எல்லோரும் கெசியாவைப் பார்த்தார்கள்.

“தண்ணிய இவங்களுக்குக் குடுங்க. நல்லது” என்றாள் அவள். “எனக்கு அது பத்தாது. அன்னிக்கு மதுவிடுதியில என் கையப்பத்திச் சொன்னீங்களே, அது பொய்யின்னு நாளைக்கு ஊத்துக்கிட்ட நின்னு சொல்லணும். எம் பொண்ணு பேரைச் சொல்லிச் சொல்லணும்.”

பெயருக்காகப் பாக்ஷா டோர்கஸைத் திரும்பிப் பார்த்தார்.

“அவ பேரு திர்சா” என்றாள் கெசியா. “தெரியாதுன்னு எனக்குத் தெரியும்.”

“சொன்னா?”

“நாளைக்கு ஏரோதுக்கு முகம் வைக்க மாட்டேன். இனி எந்த வருஷமும் உங்க முகம் பலகையில ஏறாது. கர்த்தர் மேல ஆணை.”

திருநாள் காலையில் ஏரோதின் கிரீடம் இருந்தது, அங்கி இருந்தது, அழும் தாய்மார் இருந்தார்கள். கிரீடத்துக்குக் கீழே மட்டும் ஈரக் களிமண் வெறுமையாக இருந்தது. முகத்துக்கான இதழ்களை ஏப்ரனில் அள்ளிக்கொண்டு கெசியா பலகையருகே நின்றாள். பாதிரியார் ஜெபப் புத்தகத்தைத் திறக்குமுன் பாக்ஷா முன்னால் வந்தார்.

“மதகு வச்சது நான். காய்ச்சல் கீழூத்துத் தண்ணியால வந்தது. திர்சா அவுட்ரம் அவ அம்மா கையால சாகல. நான் சொன்னது பொய்.”

“பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல, ஐயா” என்றாள் கெசியா.

அவர் மறுபடியும் சொன்னார். இம்முறை சுவருக்கு அப்பால் நின்ற ஆலைத் தொழிலாளிகளுக்கும் கேட்டது. கெசியா ஏப்ரனை உதறினாள். அன்று வீடு திரும்பும் வழியிலேயே நான்கைந்து பெண்கள் அவளை நிறுத்தி, சனிக்கிழமைக்கு ரொட்டி வேண்டுமென்று சொல்லிவிட்டுப் போனார்கள். மதகு மூடப்படவில்லை.

பாக்ஷா அன்று நிம்மதியாக உறங்கியிருக்கக்கூடும். மறுநாள் வண்டியில் ஊற்றைக் கடந்தபோது, பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த கூட்டம் பலகைமுன் நின்றது.

“அச்சு அசலா பாக்ஷாவேதான்!”

“மூக்கப் பாரேன். போன வருஷத்தவிட இந்த வருஷம் தத்ரூபமா இருக்கு.”

அங்கே மூக்கு இல்லை. கண்ணும் இல்லை. சாம்பல் நிறக் களிமண்தான் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக அந்த இடத்தில் ஒரே முகத்தைப் பார்த்துப் பழகிய கண்கள் இப்போது அதைத் தாமே வரைந்துகொண்டன. பாக்ஷா வண்டியை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். அவருக்கும் அது தெரிந்தது.

மூன்றாம் நாள் அவர் கெசியாவின் வீட்டு வாசலில் நின்றார். அவள் மாவுக் கையோடு வந்து கதவைத் திறந்தாள். உள்ளே வரும்படி சொல்லவில்லை.

“ஏதாவது ஒரு முகத்த வச்சிடு, கெசியா. யாரோடதா இருந்தாலும் சரி.” அவர் குரல் தணிந்தது. “என்னோடதே ஆனாலும் சரி. பூவா இருந்தா வாடிப்போகும். இது வாட மாட்டேங்குது.”

“ஆணையிட்டுருக்கேனே, ஐயா.”

“அடுத்த வாரம் எறக்கிடுவாங்கதானே? அதோட முடிஞ்சுதா?”

கெசியா கதவைச் சாத்துவதற்காகக் கை வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. வேலையைப் பாதியில் விட்டு வந்தவளின் அவசரம் மட்டுமே இருந்தது.

“அடுத்த வருஷம் ஆமான், ஐயா. கவலப்படாதீங்க. அவனுக்கும் முகம் வைக்க மாட்டேன்.”