ஒரு கரண்டிப் பிரசாதம்

ஒப்பரேஷனுக்குப் போகிற நாளில் ஊர் சுற்றக் கிளம்பிய ஒரே சோடி நாங்களாகத்தான் இருப்போம். அன்று பின்நேரம் என் ஈரலில் இருந்த கட்டியை வெட்டி எடுப்பதாக இருந்தது. விடிந்த பிறகு வாயில் ஒன்றும் படக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். மதியத்துக்குள் வந்து சேர்ந்தால் போதுமாம். அந்தக் காலைப் பொழுதைச் சும்மா விட என் மனுஷனுக்கு மனம் வரவில்லை.

அவர் பெயர் தில்லைநாதன். வங்கியில் இருந்து இளைப்பாறியவர். வெள்ளவத்தையில் இத்தனை வருஷம் குடியிருந்தும் என்னைக் கோல்பேஸ் கடற்கரைக்கு மேல் எங்கும் கூட்டிப்போகாதவர். கட்டி என்று தெரிந்த பிறகு கொழும்பில் உள்ள எல்லாத் தெய்வங்களின் விலாசத்தையும் தேடிப் பிடித்துவிட்டார்.

"நீர் பேசாமல் காரில ஏறும், மணி. நாலு இடத்தில கும்பிட்டிட்டுப் போனால் மனசுக்கு ஒரு தைரியம்."

"ஆருக்குத் தைரியம்? எனக்கோ, உங்களுக்கோ?"

"ரெண்டு பேருக்கும்தான்."

எனக்குத் தைரியம் தந்தவர் டொக்டர்தான். கட்டி இன்னும் பரவவில்லை, இப்போதே எடுத்தால் பிழைக்கலாம் என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் இரவில் நித்திரை கொண்டேன். இந்த ஒப்பரேஷன் செய்பவர்கள் நாட்டில் இரண்டொருவர்தான். எங்கள் டொக்டரும் அன்றிரவே குடும்பத்தோடு ஒஸ்ரேலியாவுக்கு ஒரேயடியாகப் பறக்கிறார். போகிற நாளில் கடைசி ஆளாக என்னை எடுத்திருந்தார்.

முதலில் தெவட்டகஹ பள்ளிவாசல். கைலேஞ்சியைத் தலையில் கட்டிக்கொண்டு என் மனுஷன் வாசலில் பக்தியாக நின்றார். அங்கிருந்து கொச்சிக்கடை அந்தோனியார். மெழுகுதிரி கொளுத்திவிட்டு, நீரும் மன்றாடும் என்றார்.

"அவர் துலைஞ்ச சாமானைத் தேடித் தாறவர். எனக்கு உள்ளது துலைய வேணும். அவரிட்ட என்னத்தைக் கேக்கிறது?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி வரும்போது கூரைகளுக்கு மேலே, ஏறி நின்றால் கொழும்பையே பார்க்கலாம் என்கிற தாமரைக் கோபுரம் தெரிந்தது. அதில் ஒரு நாள் ஏற்றிக் காட்டுங்கள் என்று, அதைத் திறந்த நாள் தொட்டுக் கேட்ட மாதிரிக் கேட்டேன்.

"சுகமாகி வாரும். உச்சிக்கே ஏத்திறன்."

கொட்டாஞ்சேனைச் சிவன் கோவிலில் அபிஷேகம் முடிந்திருந்தது. என் பேருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்த ஐயர், ஒரு கரண்டி பஞ்சாமிர்தத்தை என் உள்ளங்கையில் வைத்தார். நான் என் மனுஷனுடைய முகத்தைப் பார்த்தேன்.

"டொக்டர் சொன்னவரெல்லே?"

"அது சாப்பாட்டுக்கு. இது பிரசாதம். சாமி தந்ததை வேண்டாமெண்டு சொல்லப்படாது, மணி."

கந்தசஷ்டி ஆறு நாளும் பட்டினி கிடக்கிறவர் அவர். அப்போதும் கோவிலில் பிரசாதம் கொடுத்தால் வாயில் போடுவார். அதனால் விரதம் முறிந்ததென்று எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததில்லை, நானும் நினைத்ததில்லை. பசி வேறு. விரலையும் நக்கினேன்.

களனிப் புத்த விகாரைக்கு நேரம் போதாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தோம். கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, தாதிப் பிள்ளை சிங்களத்தில் கேட்டாள். "அம்மா, உதே மொனவஹரி கேவத?" காலையில் ஏதும் சாப்பிட்டீர்களா என்கிறாள். நான் வாய் திறக்குமுன் இவர் முந்திக்கொண்டார்.

"ஒண்டும் சாப்பிடேல்லை, மிஸ். கோவில் பிரசாதம் மட்டும்தான்."

அவளுக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும். என்ன பிரசாதம் என்று கேட்டாள்.

"வாழைப்பழம், சக்கரை, தேன், நெய்…" கறிக்குப் பக்குவம் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னார். அவளுடைய முகம் மாறியதை நான் கண்டேன், அவர் காணவில்லை.

மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் வந்தார். மயக்கத்தில் வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து, இரவு வரை தொட முடியாது என்றார். இரவு வரை நிற்க எங்கள் டொக்டரால் முடியாது. அவர் வந்து என் தோளைத் தொட்டு, மன்னிக்கச் சொன்னார். மற்ற டொக்டரிடம் தை பிறந்த பிறகுதான் இடமாம். அப்போது ஆவணி.

"அதுவரைக்கும் கட்டி பொறுத்திருக்குமோ, டொக்டர்?"

அவர் நிலத்தைப் பார்த்தார்.

காருக்குள் இவர் சாவியைப் போடாமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதார். நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து ஒழுகியது. திட்டுவதற்கு என்னிடம் ஒரு மூட்டைச் சொல் இருந்தது. என் கையில் விழுந்த நஞ்சை நீங்கள்தான் தின்னச் சொன்னீர்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் இந்த மனுஷன் தாங்கமாட்டார். விழுங்கிக்கொண்டேன்.

"களனிக்கும் ஒருக்கால் போயிட்டு…" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"சாமி கும்பிட்டது போதும். தாமரைக் கோபுரத்துக்கு விடுங்கோ."

"அது நீர் சுகமாகி வந்த பிறகெண்டெல்லே சொன்னனான்?"

"ஓம். இண்டைக்கே ஏத்துங்கோ."

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சாவியைத் திருப்பினார்.