கால் கொடுத்த கட்டைவிரல்

விடியும்போதே பிரஸ் மெஷின்கள் தகடு கடிக்கத் தொடங்கிவிடும். சூடான இரும்பு வாடை தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மெஷினுக்கும் இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் ஒன்றாக அமுக்கினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாதென்று யாரோ யோசித்துச் செய்தது. முதலாளி அதைவிட யோசித்தார். எல்லா மெஷினிலும் இடப்பக்கப் பொத்தானை அமுக்கி, டேப் ஒட்டிவிட்டார். வலது கை அமுக்க, இடது கை தகடு வைக்க, உற்பத்தி பெருகியது.

அப்படித்தான் அங்கே வேலை பார்த்த ஒல்லியின் இடது கட்டைவிரல் தகட்டோடு தகடாகப் போனது. முதலாளி ஓடிவந்து பதறிப்போய் அச்சைத் துடைத்துப் பார்த்தார். நல்லவேளை, அச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பெரியாஸ்பத்திரியில் கால் பெருவிரலை எடுத்துக் கையில் வைத்துத் தைத்தார்கள். பல மாதம் கழித்து அது மெல்ல மடங்கியபோது, "சாப்பிடறதுக்கு முன்னாடி நல்லா கழுவிக்க, கால் விரலு" என்று பெண்டாட்டி சிரித்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் அழுதாள்.

இன்று லேசாகச் சாய்ந்து நடந்தபடி வேலைக்கு வந்தான். முதலாளி சந்தையில் காய் பொறுக்குவதுபோல விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பரவாயில்லையே, போனது வந்துடுச்சு. பழைய மெஷின்லயே நில்லு."

"டேப்பை எடுத்துட்டா நிக்கிறேன் முதலாளி."

"எடுத்தா பாதி உருப்படிதான் வரும். ஏன் பயப்படறே? இன்னொரு கால்ல ஒண்ணு மிச்சம் இருக்கில்ல."

சூப்பர்வைசர் சம்பளத்துக்குச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஒல்லி மெஷினிடம் போய் டேப்பின் ஓரத்தைச் சுரண்டினான். நடந்து பழகிய விரல். சுரண்டத் தெரியாமல் வழுக்கியது.

"அதுல கை வச்சே, அப்படியே வீட்டுக்குப் போயிடு" என்றார் முதலாளி.

பக்கத்து மெஷின் அக்கா தன் மெஷினை நிறுத்திவிட்டு வந்தாள். "தள்ளுப்பா, உனக்கு நகம் பத்தல" என்று ஒரே இழுப்பில் உரித்தாள். திரும்பிப் போய்த் தன்னுடையதையும் உரித்தாள். அவளைப் பார்த்து அடுத்த மெஷின், அதற்கடுத்தது. பட்டறை முழுக்க டேப் கிழியும் சத்தம்.

"எல்லாரையும் துரத்திடுவேன்."

"துரத்துங்க முதலாளி. நாளைக்கு லோடு ஏத்தணுமே, நீங்களே நில்லுங்க. டேப்பை மட்டும் நாங்க ஒட்டித் தர்றோம்" என்றாள் அக்கா.

முதலாளி போனை எடுத்தார். போலீசுக்கோ, புது ஆட்களுக்கோ, தெரியவில்லை.

ஒல்லி இரண்டு பொத்தான்களிலும் கை வைத்தான். அச்சு நிதானமாக இறங்கியது. ஒன்பது கைவிரல், ஒரு கால்விரல், எல்லாம் வெளியே. பக்கத்தில் அக்காவின் பத்தும் வெளியே.