களவு போகாதவர்

உறவுக்கார மாமா ஒருவர் செத்த எட்டாம் நாள், எட்டுச்செலவு வீட்டில் சோற்றுக்கு இலை போடும் நேரம் விஜிதரன் எழுந்து நின்றார். செத்துப்போனவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் தொடங்கினார். "மாமா ஆரையும் நம்பிற மனிசன். நானும் அப்பிடித்தான். அதாலதான் பாசிக்குடாவில என்ட பேங்க் காட்டைக் கொப்பி அடிச்சவனுகள்." இரண்டு மூச்சுக்குள் சாவிலிருந்து ஏ.ரி.எம். இயந்திரத்துக்கு வந்துவிட்டார். பந்தலின் ஓரத்துக் கதிரையில் இருந்த கோணாமலைக்கு வயிறு எரிந்தது. அவர் முகம் சுளித்ததைப் பார்த்து, பசியாக்கும் என்று அவருடைய மனைவி அஜந்தா நினைத்தாள்.

விஜிதரன், அஜந்தாவின் தங்கையின் கணவர். பாசிக்குடாவுக்குக் கடல் பார்க்கப் போன இடத்தில் காசெடுத்திருக்கிறார். இயந்திரத்தில் காட் போடும் வாயின்மேல் கள்ளர்கள் அதைப்போலவே ஒரு பொய் வாயை ஒட்டியிருந்தார்கள். அது காட்டைப் படித்தது, மேலே ஒளித்துவைத்த கமரா நம்பரைப் பார்த்தது. விடிவதற்குள் கணக்குத் துப்புரவாகிவிட்டது. பாவம்தான். கோணாமலையும் ஒரு கிழமை மனதாரக் கவலைப்பட்டார். பிறகு விஜிதரனை நூலகத்தில் பேசக் கூப்பிட்டார்கள், பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள், அம்மன் கோயில் சடங்கில் மைக்கே கொடுத்தார்கள். அந்தக் கவலை அப்போதே பழுதாகிவிட்டது.

"வாயை ஆட்டிப் பாருங்க. நம்பர் அடிக்கக்குள்ள மற்றக் கையால மூடுங்க. பின்னுக்கு நிக்கிற ஆளைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க." பந்தலில் விஜிதரன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, சனம் இலையில் விழுந்த சோற்றையும் மறந்து கேட்டது. அத்தனையும் கோணாமலை சொல்லிக்கொடுத்தவை. களவு போன மறுநாள், நாவற்குடாவில் தன் வீட்டு விறாந்தையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்துச் சொன்னவை. கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்ற கோணாமலை, காட் கிடைத்த நாளிலிருந்து வாயை ஆட்டாமல் காட் போட்டதில்லை. இலக்கங்களைக் கையால் மூடி, கைக்குமேல் குடையையும் பிடிப்பார். அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்பதைவிட வேறு வங்கிக்குப் போகலாம் என்பார்கள். பலன், ஒரு சதமும் களவு போகவில்லை. ஒன்றும் களவு போகாத மனிதரிடம் மைக்கை யார் கொடுப்பார்கள்?

அது போகட்டும் என்று விட்டுவிடவும் முடியவில்லை. கோயிலை நிர்வகிக்கும் புது வண்ணக்கரை இந்த வருடம் அவர்கள் இருவரும் பிறந்த குடியிலிருந்து தெரிவுசெய்ய வேண்டும். திருவிழாவில் சாமிக்கு முன்னால் பட்டு உடுத்தி நடக்கும் அந்த இடத்துக்கு இதுவரை கோணாமலையின் பெயர் மட்டுமே இருந்தது. இலை எடுக்கும்போது குடியின் பெரியவர் கந்தப்போடி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது. "விஜி எழும்பினா சனம் வாய் மூடுது பாத்தியா. வண்ணக்கர் எண்டா அப்பிடி இரிக்கணும்."

வீட்டுக்கு வரும் வழியில் அஜந்தா, "தங்கச்சிட மனிசன் எவ்வளவு வடிவாப் பேசுறார்" என்றாள்.

"அதெல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுகா."

"நீங்க சொல்லக்குள்ள எனக்கு நித்திரை வந்த. அவர் சொல்லக்குள்ள அழுகை வருது."

அந்த இடத்தில்தான் கோணாமலை முடிவெடுத்தார். கணக்கிலிருந்த காசை மனைவியின் வங்கிப் புத்தகத்துக்கு மாற்றினார். கள்ளரின் மனம் நோகாத அளவுக்குக் கொஞ்சம் விட்டுவைத்தார். வெள்ளை சேட்டுப் போட்டு, குடையை வீட்டில் வைத்துவிட்டு, பாசிக்குடாவுக்கு பஸ் ஏறினார்.

அதே இயந்திரம். பின்னால் ஹோட்டல் உடுப்போடு ஒரு பெண் நின்றாள். பெயர்ப்பட்டியில் தனுஷா என்று இருந்தது. "புள்ள, கிட்ட வந்து நில்லுங்க" என்றார். அவள் மரியாதையாக ஓரடி பின்வாங்கி, முகத்தையும் றோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இந்த ஊரில் ஒரு மனிதன் நிம்மதியாகக் களவு கொடுக்க முடியாது. காட்டை எடுத்தார். ஆனால் பழகிய கை அவரைக் கேட்காமலே முந்திப்போய் வாயை ஆட்டியது. வாய் கழன்று கையோடு வந்தது.

பச்சைப் பிளாஸ்டிக். கள்ளர்கள் ஊர்மாறாத மனிதர்கள். கோணாமலை சத்தமில்லாமல் அதை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்து அழுத்தினார். கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. இனிக் காட்டைப் போட வேண்டியதுதான். மைக்கில் சொல்லும் முதல் வசனம்கூட வந்துவிட்டது: 'இவ்வளவு கவனமான எனக்கே...'

"ஐயா, நீங்க யோசிச்சு எடுங்க, நான் முந்தி எடுக்கட்டா? சம்பளம் விழுந்திரிக்கு, பஸ் போயிரும்." அவள் கையில் காட் தயாராக இருந்தது.

கோணாமலை அவளைப் பார்த்தார், இயந்திரத்தின் வாயைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு, பொய் வாயைப் பிடுங்கி எடுத்தார்.

"இதில போடாத புள்ள. கள்ளச் சாமான்."

அவள் கண் விரிந்தது. "விஜிதரன் சேர் சொன்ன சாமான்! எங்கட ஹோட்டலுக்கும் வந்து பேசினவர். அவர்ட பேச்சைக் கேட்டா ஐயா ஆட்டிப் பாத்த நீங்க?"

கேட்ட கையோடு அவள் போனைக் காதில் வைத்துவிட்டாள். சேருடைய நம்பர் அவளிடம் இருந்தது.

பொலிஸ் வருவதற்கு முன்னமே விஜிதரன் வந்துவிட்டார், அயன் பண்ணிய சேட்டோடு. வந்ததும் கோணாமலையைக் கட்டிப்பிடித்தார். "அண்ணன், நான் சொன்னதை நீங்களாவது கேட்டு நடந்திருக்கிறீங்க." கூட்டம் கூடியது. யாரோ படம் எடுத்தார்கள். எல்லோரும் நடுவுக்கு நெருங்க, கோணாமலை இயந்திரத்தோடு ஒதுங்கினார்.

மறுநாள் காலை படம் முகநூலில் வந்தது. நடுவில் விஜிதரன், இரண்டு விரலில் பச்சை வாயைப் பிடித்தபடி. பக்கத்தில் தனுஷா, பொலிஸ்காரர். கீழே கந்தப்போடி எழுதியிருந்தார்: 'எங்கட வண்ணக்கர்.'

"நீங்களும் அங்கதானே நிண்ட நீங்க. எங்க ஆளைக் காணல்ல?" என்றாள் அஜந்தா.

கோணாமலை படத்தின் ஓரத்தைக் காட்டினார். அங்கே முகமில்லாமல் ஒரு கை மட்டும் இருந்தது. செய்ய வேலையில்லாத கை, பழக்கத்தில் இயந்திரத்தின் இலக்கங்களை மூடிக்கொண்டிருந்தது.

"இது உங்கட கையா?"

"ஓம்."

அவள் இரண்டு விரலால் படத்தைப் பெருப்பித்தாள். கை வளர்ந்து வளர்ந்து திரையை நிறைத்தது. எவ்வளவு பெருப்பித்தும் அதன்கீழ் ஓர் இலக்கம்கூடத் தெரியவில்லை.