கொப்பரை டாட் காமுக்குச் சுழி பார்த்தது

கொப்பரை டாட் காமைத் திங்கட்கிழமைச் சந்தையில் கட்டியிருந்தார்கள். மாடுகள் நிற்கிற வரிசை முடிந்ததும், வேலமரத்துக்குக் கீழே இன்டர்நெட் பெயர்களின் வரிசை. சென்னியப்பன் காலையிலேயே துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆயுசில் எத்தனையோ மாடு வாங்கியிருக்கிறார். பெயர் வாங்கினதில்லை.

அனுப்பியது மருமகள் மேகலா. மகன் லாரியோடு போன பிறகு கொப்பரைக் களத்தை அவள்தான் பார்க்கிறாள். வீட்டு வாசலை ஒட்டின சிமெண்டுக் களம். அதுதான் சொத்து, அதுதான் சோறு.

"நல்ல சரக்கைக் காய வெச்சும் நம்மளத் தேடி ஒருத்தரும் வரதில்லீங்க மாமா. அந்தப் பேரு நம்ம கையில இருந்தா போன்ல தேடறவங்க தானா வருவாங்க. கள்ளிப்பாளையத்துக்காரங்க புடிச்சுட்டா அப்புறம் நம்ம களத்துக்குக் காக்காதான் வரும்."

"பேரைக் காய வெச்சுத் திங்க முடியுமா?"

"முடியாதுங்க. பாத்துட்டாவது வாங்க. களத்தை மட்டும் வெலையாப் பேசிராதீங்க. அங்க போய் அந்தப் பேரை வாய்விட்டுக் கேக்காதீங்க. கேக்கக் கேக்க வெலை ஏறும்."

சந்தைக்குள் நடக்க நடக்க மாட்டு வரிசை நீண்டுகொண்டே போனது. ஒரே செவலைக் காளையை மூன்று தரம் தாண்டினார். வானம் வேறு மூடிக்கொண்டு வந்தது. களத்தில் சரக்கு பரப்பியிருக்கிறது. கால் தரையில் பாவவில்லை.

அவர் தேடி வந்த பெயர் ஒரு கதவாக இருந்தது. சுவர் கிடையாது. நிலையோடு தனியாக நின்றது. கயிறு போட்டு முளையில் கட்டியிருந்தார்கள். அவ்வப்போது கயிற்றை இழுத்தது. பக்கத்தில் மலிவான பெயர்கள் படுத்திருந்தன. நடுவில் கோடு போட்டவை, நம்பர் ஒட்டினவை, டாட் காம் இல்லாமல் வால் வேறு மாதிரி முடிகிறவை. அதில் ஒரு பெயருக்கு எழுந்து நிற்கவே தெம்பு இல்லை.

தரகர் ராக்கியப்பன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். போன வருசம் வரை மாட்டுத் தரகு. சென்னியப்பன் தலையில் ஒரு நொண்டி மாட்டைக் கட்டியவர்.

"வாங்கண்ணா. எது வேணுமுங்க?"

"அது."

"எது?"

"அதுதான். வாயைப் புடுங்காதே."

ராக்கியப்பன் சிரித்தார். "ஒரே சொல்லுதானுங்க. நடுவுல கோடு இல்லை, நம்பர் இல்லை. போன்ல ஒரு தரம் சொன்னாப் போதும், எழுதிக்குவாங்க."

"காது கேக்காதவனுக்கு?"

"அவங்க எதுக்குங்க போன் பண்றாங்க?"

சென்னியப்பன் கீலைப் பிடித்து ஆட்டினார். பல்லைப் பார்ப்பது போல் தாழ்ப்பாளைத் திறந்து பார்த்தார். பின்பக்கம் போய், மாட்டுக்குப் பார்ப்பது போலக் கெட்ட சுழி தேடினார். மரத்தில் ஒரு சுழி இருந்தது. யாரோ அதன்மேல் புதுசாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

"இதுக்கு முன்னாடி யார் கையில இருந்துச்சு?"

"நல்ல கையிலதானுங்க."

அவர் எதிரே குத்த வைத்து உட்கார்ந்தார். யார் வருகிறார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். அதில் மேகலா சொன்னது பொய்யில்லை. தூரத்திலிருந்து நேராக வந்து கதவைத் தட்டினார்கள்.

"முருகேசன் இருக்காருங்களா?"

யாரும் கொப்பரை கேட்கவில்லை. முன்னாடி பெயரை வைத்திருந்தவனைத்தான் தேடினார்கள். நரைத்த அம்மாள் ஒருத்தி மாத்திரை டப்பாவோடு வந்தாள்.

"வயசு கொறையுற மாத்திரைன்னு முருகேசன் குடுத்தாரு. தின்னுட்டேதான் இருக்கறேன். வயசு ஏறிட்டேதான் இருக்குது."

"எத்தனை வருசமா?"

"சின்னப்புள்ளையில இருந்து."

அடுத்து ஒரு வக்கீல் வந்தார். பேசாமல் சென்னியப்பனின் கழுத்துக்கு நாடா வைத்து அளவெடுத்தார்.

"எதுக்குங்க?"

"இதே பேருல எங்க கட்சிக்காரர் ரொம்ப நாளா யாவாரம் பண்றாரு. வாங்கினீங்கன்னா கேஸ் வரும், அளவு தேவைப்படும். வாங்கலைன்னா வேண்டாம்."

சென்னியப்பன் எழுந்து தரகரிடம் திரும்பினார். "வாங்கினா எனக்கே சொந்தமா?"

"சொந்தந்தானுங்க. வருசா வருசம் பணம் கட்டணும். கட்ட மறந்த அன்னைக்கு அடுத்தவன் அவுத்துட்டுப் போயிருவான்."

"அப்ப இது குத்தகை."

"நீங்களும் நானும் மட்டும் என்னங்கண்ணா?"

அதற்குள் ஒருவன் கதவைச் சுற்றிவந்து விலை கேட்டான். கொஞ்ச நேரத்தில் மீசை இல்லாமல் வந்து கேட்டான். பிறகு தொப்பியோடு வந்தான்.

"அவன் உன்ற மச்சான்தானே?"

"இல்லீங்க. கள்ளிப்பாளையத்துக்காரருங்க."

"மூணு பேருமா?"

"மூணாவது ஆளு மச்சானுங்க."

முதல் இருவர் நிஜமாகவே கள்ளிப்பாளையமாக இருந்துவிட்டால் பெயர் கைவிட்டுப் போய்விடும். மேகலா களத்தில் தனியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போகலாம் என்று ஒரு கால் திரும்பியது. மற்றது திரும்பவில்லை.

"சரி, துண்டைப் போடு. பேசித்தான் பாப்போம்."

அந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் கைகளை விட்டு, விரலைப் பிடித்துச் சொல்வார்கள். துண்டுக்குள் ஒரு விரல் அவர் உள்ளங்கையில் மெதுவாகச் சதுரம் போட்டது. அவருடைய களம். வடக்கு மூலையில் சிமெண்டு பெயர்ந்த இடம்கூடச் சரியாக இருந்தது.

"களத்தைப் பேசறதுக்கில்லை," என்று நிமிர்ந்தார். ராக்கியப்பன் இரண்டு கையாலும் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு கை?"

"பேருக்கு உடையவருதுங்க. வெளிநாட்டுல இருக்காரு. ஆரு, என்னன்னு வெளிய சொல்றதில்லை. கை மட்டும் வந்துருக்குது."

கை குளிர்ந்திருந்தது. நம்பும்படி இல்லை. சென்னியப்பன் அதன் விரல் கணுவை அழுத்தி வயசு பார்த்தார். கன்றுக்குட்டியானாலும் சம்பந்தி வீட்டு மாப்பிள்ளையானாலும் கணுவை அழுத்திப் பார்ப்பது அவர் பழக்கம். துண்டுக்குள் கணுவை அழுத்தினால் சம்மதம் என்று அர்த்தம். அதுவும் அவருக்குத் தெரியும். அழுத்தின பிறகுதான் ஞாபகம் வந்தது.

துண்டு தட்டையாகிவிட்டது. ராக்கியப்பன் கயிற்றை அவிழ்த்துக் கையில் கொடுத்தார்.

கதவு முரண்டு பண்ணாமல் கூடவே நடந்து வந்தது. வீட்டு வாசலுக்கு அப்பால் களம் இல்லை. வாசல் முடிந்ததும் ரோடு. களத்துச் சரக்கு மூட்டையில் கிடந்தது. அதன்மேல் மேகலா உட்கார்ந்திருந்தாள்.

"களத்தைக் குடுத்துட்டீங்களா மாமா?"

"கை தவறிப்போச்சு."

"இனி எங்க காய வெக்கறதுங்க?"

அவர் வாசல் ஓரத்தில் கதவை நிறுத்தினார். நிறுத்தினதும் யாரோ தட்டினார்கள். ஒட்டன்சத்திரத்து வியாபாரி. நிஜமாகவே கொப்பரை கேட்டார். மேகலா மூட்டையைப் பிரித்துக் காட்டினாள்.

"ஈரம் இருக்குதேம்மா. காயட்டும், வாரேன். களம் எங்கே?"

மேகலா ரோட்டைப் பார்த்தாள். வியாபாரியும் பார்த்தார். ரோட்டிலேயே போய்விட்டார்.

தூறல் விழுந்தது. அவள் மூட்டையை வீட்டுக்குள் இழுத்தாள். மறுபடியும் தட்டினார்கள். மாத்திரை டப்பா குலுங்கும் சத்தம்.

"முருகேசன் இருக்காருங்களா?"

மேகலா இழுப்பதை நிறுத்திவிட்டு மாமனாரைப் பார்த்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் வரிசை ரோட்டோடு வளைந்து போயிருந்தது.

சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். தாழ்ப்பாளை நீக்கினார்.

"நான்தான். நனையாம உள்ள வாங்க."

அந்த அம்மாள் நிலையைத் தாண்டி வந்தாள். தாண்டும்போது முன்நெற்றியில் ஒரு கொத்து முடி கறுத்தது.

சென்னியப்பன் அதைத் தொட்டு, விரலில் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்தார்.