காமாலைச் சாப்பாடு

சுரைக்காயை இரண்டாம் தடவை கொதிக்கவைத்து வடித்துக்கொண்டிருந்தபோது வெண்மதியின் செல்போனில் ஒரு பெண் சிரித்த முகமாகப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஐந்து நாளைக்கு ஐந்து சைவ டப்பா, ஒவ்வொன்றும் பத்தே நிமிடம். திங்கள் புளிசாதம், செவ்வாய் தக்காளி சாதம், புதன் தேங்காய் சாதம், வியாழன் கீரை சாதம், வெள்ளி சாம்பார் சாதம். வெண்மதி ஐந்தையும் கடைசிவரை பார்த்தாள். ஐந்தில் எதைக் கட்டிக் கொடுத்தாலும் அவள் புருஷன் செத்துப்போகலாம். அந்தப் பெண்ணிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிறுநீரகம் இருக்கிறவர்களுக்காகச் சமைக்கிறாள்.

தனசேகரனுக்குத் தை மாதத்தில் இரண்டும் நின்றுவிட்டன. புதன்கிழமையும் சனிக்கிழமையும் மதியத்துக்கு மேல் செஞ்சியிலிருந்து பஸ் ஏறி விழுப்புரம் போய், நாலு மணி நேரம் மெஷினோடு படுத்துவிட்டு வருவான். டயாலிசிஸ் சிஸ்டர் எழுதிக் கொடுத்த தாளை அடுப்புக்கு மேலே சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தாள். கீரை கூடாது. தக்காளி, உருளைக்கிழங்கு, முருங்கை, வாழைப்பழம், தேங்காய், இளநீர் கூடாது. புளி கூடாது. உப்பு பேருக்கு. தண்ணீர் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், மோர், குழம்பு எல்லாம் அதில் அடக்கம். காய் எதுவானாலும் பொடியாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும். காயில் இருக்கிற பொட்டாசியம் தண்ணீரோடு போய்விடும் என்றார் சிஸ்டர். அதோடு ருசியும் போய்விடும் என்று அவர் சொல்லவில்லை. மிஞ்சுவது ஈரத்துணி மாதிரி ஒன்று. அதில் கொஞ்சம் சீரகமும் மிளகும் தாளித்துக் கொட்டி, வடித்த சோற்றோடு பிசைந்து, டப்பாவில் அழுத்தி வைப்பாள்.

வீட்டில் மீனும் கறியும் தின்று வளர்ந்தவன். தினம் இரண்டு முட்டையின் வெள்ளை கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அதையும் டப்பாவில் வைக்க முடியாது. காரணம் ஆலையில் அவன் சொல்லிவைத்திருந்த பொய்.

திண்டிவனம் ரோட்டில் இருக்கும் ஒரு அரிசி ஆலையில் அவன் எடை போடுகிறவன். போன வருஷம் அங்கே ஒருத்தன் வலிப்பு வந்து மூட்டைகளுக்கு நடுவே விழுந்தான். மறுநாளே முதலாளி அவனை வேலையை விட்டு நிறுத்தினார். எவனாவது உள்ளே செத்தால் கோர்ட்டுக்கு நான் அலைய முடியாது என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். தனசேகரன் முகம் வீங்கி, வெளுத்து, வாந்தியெடுத்தபோது எல்லாரும் என்ன என்று கேட்டார்கள். காமாலை என்று சொல்லிவிட்டான். அது எல்லாவற்றுக்கும் பொருந்தியது. உப்பில்லாத பத்தியத்துக்குப் பொருந்தியது. வாரம் இரண்டு நாள் நாட்டு மருந்துக்குப் போகிறேன் என்று மதியத்தோடு கிளம்பவும் பொருந்தியது. காமாலைக்காரன் டப்பாவில் முட்டை இருந்தால்தான் பொருந்தாது. ஆகவே வெண்மதி நோய்க்கு ஏற்ற சோறு மட்டுமல்ல, பொய்க்கும் ஏற்ற சோறாகப் பொங்கினாள். அவள் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் வருவது அரிசிக்கும் வாடகைக்கும் கூடப் போதாது. பொய் தேவைப்பட்டது.

நேற்று புதன்கிழமை, அவளும் கூடப் போயிருந்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு சிஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னாமா குடுக்குற அவருக்கு?"

"நீங்க எழுதிக் குடுத்ததுதான் சிஸ்டர்."

"பொய் சொல்லாத. மூணு வாரமா பொட்டாசியம் ஏறிக்கினே போவுது. இன்னிக்கு ஏழு. இது ஏறுனா வலிக்காதுமா, காட்டிக் குடுக்காது. பேசிக்கினு இருக்கும்போதே நெஞ்சு நின்னுடும். இன்னிக்கு மெஷின்ல இறக்கிட்டோம். சனிக்கிழமை இதே மாதிரி வந்தா நான் பொறுப்பில்ல."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவன் தூங்கினான். அவள் மூன்று வாரச் சமையலையும் மனதில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பீர்க்கங்காய். கோவைக்காய். முட்டைகோஸ். எங்கே தப்பு செய்தாள்? ஒருவேளை சீரகமா? ஒரு மனுஷனைச் சீரகம் கொல்லுமா என்று யாரிடம் கேட்பது?

காலையில் டப்பாவை மூடும்போது கேட்டாள். "வெளிய எதனா துன்றியா?"

"உன் டப்பாதான். வேற இன்னா?"

"என் முகத்தப் பாத்து சொல்லு."

அவன் செருப்பைத் தேடினான். அது காலடியிலேயே கிடந்தது.

மதியம் ஜெராக்ஸ் கடைக்காரி அமிர்தவல்லியிடம் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டு வெண்மதி ஆலைக்கு நடந்தாள். கோட்டை மலைப் பாறைகள் சூடேறி வெளுத்திருந்தன. ஊரே அடுப்புக்குள் வைத்த மாதிரி இருந்தது. ஆலைக் களத்தில் அவித்த நெல்லைப் பாய்போலப் பரப்பிக் காயவிட்டிருந்தார்கள். மோட்டார் நின்றிருந்தது, சாப்பாட்டு நேரம். வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கட்டிக் கொடுத்த டப்பா துடைத்ததுபோலக் காலியாகி, தனசேகரனின் கால் பக்கத்தில் இருந்தது. அவன் நின்றுகொண்டு, தலையை அண்ணாந்து, இளநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

அவன் கண்களை மூடியிருந்தான். தொண்டை மேலும் கீழும் போனது. ஒரு துளி தாடையில் இறங்கியதைக் கையால் வழித்து அதையும் நக்கிக்கொண்டான். வெண்மதி வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். யாரோ எதையோ நீட்டுகிறார்கள், மறுத்தால் சந்தேகம் வரும் என்று பயந்து தின்கிறான் போல, கூச்சப்பட்டு வாங்கிக்கொள்கிறான் போல. நான்கு மாதமாக முக்கால் லிட்டரில் வாழ்கிறவனுக்குத் தாகம் இருக்கும் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

"வாம்மா தங்கச்சி!" மூட்டை தூக்கும் இளையபெருமாள்தான் கூப்பிட்டார். கையில் அரிவாள், காலடியில் ஒரு குலை. "இன்னா, புருஷன் துன்னானா இல்லையான்னு பாக்க வந்தியா? உன் சோறு நாய்கூட துன்னாது, இவன் துன்றான். நல்லவனுக்கு வாக்கப்பட்ட போ."

எல்லாரும் சிரித்தார்கள். நெல் தள்ளும் வசந்தா, "உட்காரு வெண்மதி. இன்னா இப்பிடி வேர்த்துப் போயி வந்துகிற?" என்றாள்.

"எத்தினி நாளா அண்ணே இளநி?"

"மூணு வாரமா. சிங்கவரத்துல நம்ம மரம்தான், காசா பணமா? டெய்லி ரெண்டு. காமாலைக்கு இத விட மருந்து ஏது? வசந்தா கீழாநெல்லி அரைச்சுக் கொண்டாந்து குடுக்குறா. இருந்தும் இறங்க மாட்டேங்குது பாரு, முத்திப்போன காமாலை. நாளையிலேருந்து மூணா குடுக்கலாம்னு இருக்கோம்."

தனசேகரன் கண் திறந்து அவளைப் பார்த்தான். இளநீர்க் காய் இன்னும் வாயருகே இருந்தது. அதை இறக்கவில்லை. அவள் போய் அவன் கையிலிருந்து பிடுங்கி, மிச்சத்தை மடமடவென்று குடித்தாள்.

"பாருடா, பொஞ்சாதிக்குத் தாகம்!" இளையபெருமாள் சந்தோஷமாக இன்னொன்றைச் சீவினார். அதைத் தனசேகரனிடம் நீட்டுவதற்குள் வெண்மதி கை நீட்டினாள். வெறும் வயிறு. பாதியில் குமட்டியது. மூச்சு வாங்கிக்கொண்டு முழுக்கக் குடித்தாள். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"இன்னா வெண்மதி, வூட்ல தண்ணியே இல்லையா?" என்றாள் வசந்தா. "நோவாளிக்கு வெச்சதுமா அது."

"உடு, குலையில இருக்குது." மூன்றாவதின் தலை மூன்றே வெட்டில் பறந்தது. இந்த முறை இளையபெருமாள் அவளைச் சுற்றிக்கொண்டு வந்து தனசேகரன் கையிலேயே வைத்தார். "நீ குடி சேகரு. நீ தேறுனாதான் எங்களுக்கு எடை ஒழுங்கா வரும். நீ மருந்துக்குப் போற நாள்ல வர்ற அந்த மாத்து ஆளு தராசையே பாக்க மாட்டேங்கிறான்."

காயை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. காமாலை என்று சொன்ன அன்றே எல்லாக் காரணத்தையும் அவனே தின்று முடித்திருந்தான். அவன் வாய்க்குக் கொண்டுபோனபோது வெண்மதி ஓங்கி அடித்தாள்.

இளநீர் அவன் சட்டையில் தெறித்தது. காய் உருண்டு களத்துக்குள் போய், காய்ந்த நெல்லின் மேல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே ஓடி, ஒரு சுற்று சுற்றி நின்றது. இளையபெருமாள் அரிவாளைப் பார்த்தார், பிறகு அவளை. அவர் முகத்தில் கோபம் இல்லை. அறை வாங்கிய குழந்தையின் முகம் மாதிரி இருந்தது.

"நான் இன்னாமா தப்பு பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல அண்ணே." அவளுக்கு நாக்கு ஒட்டியது. இவ்வளவு குடித்தும் ஒட்டியது. "இவருக்குக் காமாலை இல்ல."

"வெண்மதி. வேணாம்."

தனசேகரன் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. களத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். நனைந்த நெல்லை மட்டும் தனியே பிரிக்கப் பார்த்தான்.

"காமாலை இல்லன்னா பின்ன இன்னா?" என்றாள் வசந்தா, எழுந்துகொண்டே.

கேட்டுக்கு வெளியே முதலாளியின் கார் இரண்டு முறை ஹார்ன் அடித்தது. வாட்ச்மேன் ஓடினார். தனசேகரன் இரண்டு கையாலும் வேகமாக அள்ளினான். அள்ளியதைக் காய்ந்த பக்கமாகவே போட்டான், பிறகு அங்கிருந்தும் அள்ளினான். அவன் அள்ள அள்ள ஈரம் நெல்லுக்குள் பரவிக்கொண்டே போனது.