லிஃப்டர் சத்தம்

புது லிஃப்டர்களைப் பூட்டியவுடன் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணக் கூடாது. எண்ணெய் நிரம்பிய அந்தச் சின்ன இரும்புக் குப்பிகள் வால்வுகளின் அழுத்தத்தில் மெல்ல அமுங்கி இடத்தில் அமரும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் வால்வு பிஸ்டனில் போய் முட்டும். சவிரிமுத்து கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ரயில் பாலத்துக்குக் கீழிருந்த அந்தக் கராஜில், அவருடைய முதுகுக்குப் பின்னால் காற்றடைக்கும் கொம்பிரசர் இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது அங்கேதான் நிற்கிறது. வெளியே வைத்தாலென்ன என்று ஒருமுறை கேட்டதற்கு, மழையில் துருப்பிடித்துவிடும் என்றார் முதலாளி ஆனந்தராஜா.

கார், செவன் கிங்ஸில் வாடகை மினிகாப் ஓட்டும் பத்மநாதனுடையது. தையல் மெஷின் மாதிரி எஞ்சின் டிக் டிக்கென்று அடிக்கிறது என்று கொண்டுவந்து விட்டிருந்தார். சவிரிமுத்து பழைய லிஃப்டர்களைக் காந்தத்தால் ஒவ்வொன்றாக இழுத்தெடுத்துப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். பஞ்சு போல் அமுங்கியவற்றை மாற்றினார். மற்றவற்றைக் கழுவிப் பூட்டினார்.

பிறகு சாவியைத் திருப்பி, எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சத்தம் இல்லை.

மறுநாளே பத்மநாதன் திரும்பி வந்தார். ஆனந்தராஜா பொனற்றைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டார். வாசலில் நின்ற பத்மநாதன்கூட முகத்தைச் சுளித்தார்.

"சவிரிமுத்து, இது உமக்குக் கேக்கேல்லையோ?"

"எது?"

ஆனந்தராஜா கை நீட்டி எஞ்சினை நிறுத்தினார்.

சவிரிமுத்துவுக்கு அது புதிதல்ல. வீட்டில் கேத்தில் விசிலடிப்பதை ஆவியைப் பார்த்துத்தான் அறிந்தார். கூட இருந்த பொடியள் சிரிக்கும்போது தானும் சிரித்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் பகிடி தன்னைப் பற்றியது என்று தெரிந்தபின் சோற்றுக் கோப்பையை அறைக்குள் கொண்டுபோய்ச் சாப்பிடத் தொடங்கினார். கொழும்பில் விசாவுக்காகக் காத்திருந்த மனைவி றோஸ்மலர் ஞாயிற்றுக்கிழமைகளில் டெலிபோனில் பேசுவாள். அவளுடைய மெல்லிய குரலில் சொற்கள் உடைந்து வந்தன. எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்பார்.

"நான் இப்ப என்ன கேட்டனான் எண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்றாள் ஒருநாள், சத்தமாக. அன்று அவள் நேரத்தோடு வைத்துவிட்டாள். அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் நெடுநேரம் நின்றார்.

பத்மநாதன் வந்துபோன பிறகுதான் சவிரிமுத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். பெட்டி போன்ற அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். இடையிடையே ஏதோ முனகல் போல வந்தது, அமத்தினார். பிறகு ஒன்றுமில்லை. பெருவிரலைப் பொத்தானில் வைத்தபடி, அடுத்த சத்தத்தை எப்போது போடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் கதவைத் திறந்து, முடிந்துவிட்டது என்று கையால் காட்டினாள்.

வேலையிடத்துச் சத்தத்தில் நரம்பு பழுதாகிவிட்டது, இனித் திரும்பாது என்று டொக்டர் நிதானமாக விளங்கப்படுத்தினார். அதை அப்படியே ஆனந்தராஜாவிடம் சொன்னார் சவிரிமுத்து. ஆனந்தராஜா கொம்பிரசரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஊரிலை ஷெல் அடிச்சதிலை வந்திருக்கும்."

"ஷெல்லடி தொடங்க முன்னமே நான் வெளிக்கிட்டிட்டன் அண்ணை."

"எல்லாருக்கும் ஏதோ ஒண்டு வந்ததுதானே" என்று அவருடைய தோளைத் தட்டினார் ஆனந்தராஜா. "உம்மை நான் விடமாட்டன். வெளியிலை கார் கழுவுற வேலை இருக்கு."

அவருடைய இடத்துக்குப் புதிதாக வந்திறங்கிய கஸ்பர் வந்தான். சவிரிமுத்து பாலத்துக்கு வெளியே ஹோஸ் பைப்போடு நின்றார். பின்னால் வரும் கார்கள் ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டு அவரைச் சுற்றிக்கொண்டு போயின. வருகிறவர்கள் இப்போது அவரிடம் பேசுவதில்லை, சாவியை மட்டும் நீட்டினார்கள். அவர்களிடம் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை.

மாரி தொடங்கிய ஒரு சனிக்கிழமை, குட்மேய்ஸிலிருந்து வந்த ஒரு பெண் காரைவிட்டு இறங்கி அவருக்கு முன்னால் வந்து நின்றாள். குழந்தைக்குச் சொல்வது போல் வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"ஷெல்லிலையோ, அண்ணை?"

உதடுகளைப் பார்த்து விளங்கிக்கொண்டார். அவளுடைய கண்கள் கலங்கியிருந்தன. அவளுக்குப் பின்னால், வாசலில் ஆனந்தராஜா இவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம்" என்றார் சவிரிமுத்து.

தன் குரல் எவ்வளவு உரத்து வந்ததென்று அவருக்குத் தெரியவில்லை. அவள் ஓரடி பின்வாங்கியதைப் பார்த்தார். ஹோஸிலிருந்து வழிந்த தண்ணீர் சப்பாத்துக்குள் இறங்கி, கால்விரல்களுக்கிடையில் குளிர்ந்துகொண்டிருந்தது.